டிக் என்று ஒரு சத்தம்: கேமராவுக்குப் பட்டை செய்த கதை

கேமரா என் வலது காலின் பெருவிரல் மேல் விழுந்தது. கல்தரையில் விழுந்திருந்தால் இந்தப் பதிவு வெறும் புலம்பலாக இருந்திருக்கும். லென்ஸ் ஹூடில் (லென்ஸின் முன்னால் வெளிச்சம் மறைக்கும் வளையத்தில்) ஒரு விரிசல், கன்றிப்போன விரல் நகம், அவ்வளவோடு தப்பித்தேன்.

ட்ரைபாடில், அதாவது முக்காலியில், வேலை முடிந்திருந்தது. கேமராவைக் கழற்றி, தோளில் குறுக்காகத் தொங்கிக்கொண்டிருந்த பட்டையின் கொக்கியில் மாட்டினேன். கண் வேறெங்கோ இருந்தது. ‘டிக்’ என்று சத்தம் கேட்டது, கையை விட்டேன். கொக்கியின் நாக்கு வளையத்துக்குள் போகவே இல்லை. வளையத்தின் வெளி விளிம்பில் தட்டிவிட்டு அது தானாக மூடிக்கொண்ட சத்தத்தைத்தான் நான் நம்பியிருக்கிறேன்.

அன்று ராத்திரி விரலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை நாள் ‘சட்டென்று கழற்றக்கூடிய’ பட்டை என்று தேடித் தேடி வாங்கியதெல்லாம் எவ்வளவு வேகமாகக் கழற்றலாம் என்பதைப் பார்த்துத்தான். விளம்பரப் படங்களிலும் கழற்றுவதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் கழற்றும்போது கேமரா கையில் இருக்கிறது, எங்கே போய்விடும்? மாட்டிய பிறகுதான் கையை விடுகிறோம். விழுவதற்கான நேரம் அதுதான். ஆகவே இந்த முறை மாட்டுவதைச் சோதித்துப் பார்த்து ஒரு பட்டையை முடிவு செய்வது, சரிப்பட்டு வராவிட்டால் நானே தைப்பது என்று இறங்கினேன். கடைசியில் தைக்கத்தான் வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் வீட்டில் கிடந்த பழைய பட்டைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன்.

முதலில் எடை. கேமரா உடல், பேட்டரி, மெமரி அட்டை, வழக்கமாகப் போடும் ஜூம் லென்ஸ் எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்தால் 1,480 கிராம். தூரத்தில் இருப்பதை எடுக்கும் டெலி லென்ஸ் போட்டால் 2,300 கிராம் சொச்சம். ஒன்றரைக் கிலோ ஒன்றும் பெரிய பாரம் இல்லை. கையில் தூக்கிப் பார்த்தால் சிரிப்பு வரும். நாலு மணி நேரம் கழுத்தில் தொங்கவிட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

கேமராவோடு பெட்டியில் வரும் கழுத்துப் பட்டையிலிருந்து ஆரம்பித்தேன். அது ஏன் வலிக்கிறது என்று யோசித்தால் காரணம் எளிது. பாரம் நெஞ்சுக்கு முன்னால் தொங்குகிறது, தலை முன்னே இழுபடாமல் இருக்கப் பிடரித் தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். பட்டையை அகலமாக்கினால் தோலில் வெட்டுவது குறையும், தசையின் வேலை குறையாது. அதனால்தான் மெத்தை வைத்த கழுத்துப் பட்டை வாங்கியவர்களும் சாயங்காலம் கழுத்தை நீவிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று, குனிந்தால் கேமரா ஊசல் போல ஆடிப் போய் எதிலாவது மோதும். ஷூ நாடா கட்டக் குனிந்து, என் கேமராவாலேயே என் முழங்காலில் அடி வாங்கியிருக்கிறேன்.

அதே பட்டையை நீட்டி, தலைக்கு மேல் எடுத்து, ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காகப் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. பாரம் தோளெலும்புக்கும் முதுகுக்கும் போகிறது, கேமரா இடுப்பில் சாய்ந்து கிடக்கிறது. புதிதாக எதுவும் வாங்காமல் செய்யக்கூடியது இதுதான். இதைச் செய்து பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். எனக்கு இது போதாமல் போனதற்குக் காரணம் ட்ரைபாட். நீண்ட நேரம் ஷட்டர் திறந்திருக்கும் படங்களில் பட்டை காற்றில் படபடத்தால் கேமரா நடுங்கும். ஒவ்வொரு முறையும் பட்டையைச் சுருட்டிக் கட்டுவதும் பிரிப்பதும் எரிச்சல். கழற்ற வேண்டும், திரும்ப மாட்ட வேண்டும், அதுவும் ஒரு கையால், முடிந்தால் பார்க்காமலேயே.

இதற்கு நான் முன்பே வாங்கி வைத்திருந்தது, கேமராவின் அடியில் இருக்கும் ட்ரைபாட் துளையில் ஒரு ஸ்க்ரூவைத் திருகி, அதிலிருந்து தலைகீழாகத் தொங்கவிடும் வகை. பிளாக்ராபிட் போன்ற நிறுவனங்கள் பரப்பிய முறை. பட்டை தோளில் அசையாமல் இருக்கும், கேமரா மட்டும் பட்டை நெடுக வழுக்கிக் கண்ணுக்கு வரும். பயன்படுத்தும்போது சுகமோ சுகம். விரலில் விழுந்ததும் இந்த வகைதான், ஆனால் வேறு கம்பெனி, பெயர் வேண்டாம்.

கொக்கியை விட எனக்குப் பயம் தந்தது அந்த ஸ்க்ரூ. ட்ரைபாட் துளையின் அளவு உலகமெங்கும் பெரும்பாலும் ஒன்றுதான்: 1/4 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 மரை. ஐஎஸ்ஓ 1222 என்ற தரநிலையிலும் இந்த அளவு உண்டு. பெரிய கருவிகளுக்கு 3/8 அங்குலம், 16 மரை. அங்குலத்துக்கு 20 என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு ஸ்க்ரூ 1.27 மில்லிமீட்டர் உள்ளே போகும். என் பட்டையின் ஸ்க்ரூ, வாஷருக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பது 5 மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்கள், நாலு சுற்றுக்கும் குறைவு. மொத்தக் கேமராவும் அந்த நாலு சுற்றில்தான் தொங்குகிறது. ஒரு சுற்று தளர்ந்தால் கால்வாசிப் பிடி போயிற்று.

தளருமா என்று பார்க்க, ஸ்க்ரூத் தலையிலிருந்து கேமராவின் அடிப்பாகம் வரை வெள்ளைத் திருத்து மையால் ஒரு கோடு போட்டேன். ரப்பர் வாஷரைக் கழற்றிவிட்டு நாற்பது நிமிடம் நடந்தேன். கோடு விலகியிருந்தது, சுமார் எட்டில் ஒரு சுற்று. வாஷரைப் போட்டு அதே நடை: விலகவில்லை. கொக்கி மாட்ட ஸ்க்ரூவின் தலையில் இருக்கும் சுழலும் கண்ணியில் கொஞ்சம் மணலைத் தூவிவிட்டு, வாஷரோடு மறுபடி நடந்தேன். இந்த முறை லேசாக விலகியிருந்தது. கண்ணி சுழன்றால்தான் கேமரா புரள்வதன் திருக்கம் ஸ்க்ரூவுக்குப் போகாது. மணல் புகுந்து கண்ணி இறுகினால் அதே திருக்கம் நேராக மரைக்கு வருகிறது. நமக்கு மரை கழன்றால் ஊர் சிரிக்கும், கேமராவுக்குக் கழன்றால் நாம் அழ வேண்டும்.

மரை தளராமல் பிடிக்கும் த்ரெட்லாக்கர் பசை போடலாமே என்று கேட்கலாம். நீல நிறத்தில் வருவது, கைக்கருவியால் கழற்றக்கூடியது, போடலாம்தான். ஆனால் பசை பட்டால் சில வகைப் பிளாஸ்டிக்கில் விரிசல் விழும். அதோடு, அடியில் ஸ்க்ரூவை நிரந்தரமாக ஒட்டிவிட்டால் கேமராவை ட்ரைபாடில் ஏற்ற அடியில் திருகும் தட்டை எங்கே மாட்டுவது? எனக்கு அது ஒத்து வரவில்லை.

பையின் தோள்வாரில் பொருத்தும் உலோகக் கிளிப்பும் ஒன்று இருந்தது. இந்த வகையைப் பரவலாக்கியது பீக் டிசைன். 2011-இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பணம் திரட்டி வந்த கேப்சர் கிளிப். கேமராவின் அடியில் ஒரு சதுரத் தட்டு, கிளிப்பின் பள்ளத்தில் அது மேலிருந்து வழுக்கி இறங்கிப் பூட்டிக்கொள்ளும், பொத்தானை அழுத்தினால் வெளியே வரும். மலையேறும்போது இதற்கு நிகர் இல்லை. கேமரா ஆடவே ஆடாது, இரண்டு கையும் காலி. ஆனால் 1,480 கிராம் ஒரு பக்கத் தோள்வாரில் ஏறியதும் பை அந்தப் பக்கம் இழுத்தது. முன்கனமான லென்ஸ் கீழே பார்த்துத் தொங்கி, உயரமான படியில் காலைத் தூக்கும்போதெல்லாம் தொடை அதில் இடித்தது. சின்ன லென்ஸ் போட்டால் இந்தக் குறை எதுவும் இல்லை. பை இல்லாமல் கிளம்பும் நாளில் மட்டும் இதனால் பயனில்லை. எனக்கு அப்படிப்பட்ட நாட்கள்தான் அதிகம்.

நண்பர் ஒருவரிடமிருந்து நெஞ்சுக் கவசம் போன்ற ஒன்றை ஒரு நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கேமரா வைத்துத் திருமணம், விழா என்று நாள் முழுக்க ஓடுபவர்களுக்கு அது வேண்டியிருக்கும். எனக்கு வண்டியில் பூட்டிய மாடு போல இருந்தது. மறுநாளே கொடுத்துவிட்டேன்.

ஆக, நானே செய்வது என்றானது. இரண்டு முடிவுகளை முதலிலேயே எடுத்தேன். ஒன்று, குறுக்குப் பட்டை. மற்றொன்று, கேமராவை இரண்டு இடத்தில் பிடிப்பது: ஒரு முனை மேலே இடது காதில், மறு முனை அடியில் இருக்கும் ட்ரைபாட் தட்டின் ஓரத் துளையில். (பட்டை மாட்டக் கேமராவின் இரு பக்கமும் இருக்கும் அந்தச் சின்னக் கண்ணியைக் காது என்றுதான் சொல்கிறேன், பைக்குக் காது இருந்தால் கேமராவுக்கும் இருக்கட்டும்.) இரண்டு காதிலும் மாட்டினால் கேமரா நிமிர்ந்து நின்று லென்ஸ் முன்னால் துருத்தும், போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் இடிக்கும். காதிலும் அடியிலும் மாட்டினால் லென்ஸ் கீழ்நோக்கிச் சாய்ந்து தொடையோடு ஒட்டிக்கொள்கிறது. அதைவிட முக்கியம், ஒன்று விட்டாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். தட்டு ஆர்க்கா-ஸ்விஸ் என்று பரவலாகப் புழங்கும் வகை, சுமார் 38 மில்லிமீட்டர் அகலம், இரு ஓரமும் சரிவாகச் சீவியது. அதனால் பட்டையை மாட்டும் இணைப்புத் துண்டைத் தட்டிலேயே விட்டுவிட்டு ட்ரைபாடில் ஏற்றலாம். ஒரு எச்சரிக்கை: இந்த வகைத் தட்டுகளின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி இம்மி அளவு மாறும். ட்ரைபாடில் தட்டைக் கவ்வுவது திருகி இறுக்கும் பிடியானால் அது தெரியாது. நெம்புகோல் பிடியில் ஒன்று ஆடும், ஒன்று மூடாது.

இப்போது இணைப்பு. மேசை மேல் மூன்றை வைத்தேன். முதுகுப் பைகளில் இருக்கும், இரண்டு பக்கமும் அழுத்திக் கழற்றும் பிளாஸ்டிக் பக்கிள். வில் வைத்த நாக்குள்ள உலோகக் கொக்கி. மூன்றாவது, கயிற்றுக் கண்ணியில் கோர்த்த வட்டப் பொத்தான். பீக் டிசைன் பட்டைகளில் வருவது. கேமராவின் காதில் மெல்லிய கயிறு, அதன் நுனியில் தட்டையான பொத்தான். பட்டையின் முனையில் இருக்கும் கூட்டுக்குள் பொத்தானை மேலிருந்து தள்ளினால் வில்லைத் தாண்டி உள்ளே போய் உட்காரும். எடுக்க வேண்டுமானால் முதலில் அழுத்தி, அழுத்தியபடியே நகர்த்த வேண்டும்.

சோதனை இப்படி. கேமராவுக்குப் பதில் அதே எடைக்குத் தண்ணீர் நிரப்பிய புட்டி, கீழே தலையணை. கண்ணை மூடிக்கொண்டு, இடது கையில் புட்டி, வலது கையால் மட்டும் மாட்ட வேண்டும். ஒவ்வொன்றும் இருபது தடவை. சத்தம் கேட்டதும் புட்டியை விட்டுவிட வேண்டும், சரிபார்க்கக் கூடாது. வீட்டில் இருந்தவர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டாம்.

பக்கிள் இருபதில் பதினொரு முறைதான் ஒழுங்காக உட்கார்ந்தது. ஆறு முறை வாயே சேரவில்லை. மீதி மூன்று முறை நடந்ததுதான் விஷயம்: பக்கிளின் இரண்டு காலில் ஒன்று மட்டும் பூட்டி, மற்றது வெளியே நின்றது. ‘டிக்’ சத்தம் மூன்று முறையும் கேட்டது. புட்டியும் விழவில்லை. அப்படியே தொங்கியது.

விழாததுதான் பயமாக இருந்தது. எப்போது விழும்? அதிகபட்ச அளவைப் பிடித்து வைத்துக் காட்டும் கொக்கித் தராசு ஒன்று இருந்தது, பெட்டி எடை பார்ப்பது. ஒரு கால் மட்டும் பூட்டிய பக்கிளை அதில் மாட்டி மெல்ல இழுத்தேன். 4 கிலோவைத் தாண்டியதும் கழன்றது. 1.5 கிலோ கேமராவுக்கு 4 கிலோ போதாதா என்று தோன்றும். அதே தராசில் கேமராவைத் தொங்கவிட்டு, தராசைப் பட்டையில் கட்டிக்கொண்டு நடந்தேன். சாதாரண நடையில் உச்சம் 2 கிலோ சொச்சம். படி இறங்கும்போது 3. ஒரு படியைத் தாண்டிக் குதித்தேன்: 4.7. இரண்டு முனையிலும் மாட்டினால் பாரம் பாதிப் பாதியாகப் பிரியும் என்று கணக்குப் போடலாம், ஆனால் கேமரா புரளும்போது ஒரு நொடி மொத்தமும் ஒரே முனைக்குப் போய்விடுகிறது. அரைகுறையாகப் பூட்டிய பக்கிள் வீட்டு வாசலில் விழாது, நடு வழியில் முதல் பள்ளத்தில் விழும் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

உலோகக் கொக்கி இருபது முறையும் மாட்டியது போலத்தான் இருந்தது. அதில் இரண்டு முறை நாக்குக்கு நடுவே சட்டைத் துணி சிக்கி, முழுதாக மூடவில்லை. ஒரு முறை என் விரலில் விழுந்த அதே கதை, வளையத்தின் வெளியே தட்டிவிட்டு மூடிக்கொண்டது. தலையணை பிடித்துக்கொண்டது. கொக்கிக்கு இன்னொரு குணமும் உண்டு: புரளும்போது வளையம் சுற்றி வந்து நாக்கின் முதுகில் அழுத்தி, தானே திறந்துகொண்டு வெளியேறலாம். பாறையேறுபவர்கள் இதனால்தான் திருகு மூடி உள்ள கொக்கியைப் பயன்படுத்துகிறார்கள். திருகு மூடி போட்டால் சட்டென்று கழற்ற முடியாது, அப்புறம் இந்த வேலையெல்லாம் எதற்கு?

பொத்தான் பத்தொன்பது முறை சரியாக உட்கார்ந்தது. ஒரு முறை கூட்டின் உதட்டில் ஏறி நின்று, புட்டியின் பாரம் வந்ததுமே கழன்று விழுந்தது. இதுதான் எனக்குப் பிடித்தது. அரைகுறையாக மாட்டினால் உடனே விழுகிறது. அதாவது கையை விடுவதற்கு முன் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தால் போதும், பொய் சொல்லாது. பக்கிளை அப்படி இழுத்துப் பார்த்தால் ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, பிறகு கைவிடும். பொத்தான் கயிறு 90 கிலோ தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். அத்தனை தாங்க வேண்டிய அவசியம் என் கேமராவுக்கு வராது, வந்தால் காது முதலில் பிய்த்துக்கொள்ளும். கயிறு தேய்ந்தால் மேலுறைக்கு அடியில் வேறு நிறம் தெரியும்படி செய்திருக்கிறார்கள், நல்ல யோசனை. ஈரக் கையால் ஒரு தடவை, தடித்த கையுறை போட்டு ஒரு தடவை என்று சோதனையை மறுபடி ஓட்டினேன். கையுறையில் பொத்தானுக்கும் தடுமாற்றம்தான், பதினான்கு. ஆனால் தவறிய ஆறும் உடனே விழுந்தவை.

நாடா தேர்வில் அதிக நேரம் போகவில்லை. 38 மில்லிமீட்டர் அகல நைலான், கார் இருக்கைப் பட்டை போல வழவழப்பான நெசவு. 25 மில்லிமீட்டர் நாடாவோடு ஒப்பிட்டால் அதே பாரம் ஒன்றரை மடங்கு அகலத்தில் பரவுகிறது, தோளில் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இதற்கு மேல் அகலமாகப் போனால் கழுத்துப் பக்க விளிம்பு அறுக்கத் தொடங்கும். விலை குறைந்த பாலிப்ராப்பிலீன் நாடா விறைப்பாக இருக்கிறது, வெயிலில் சீக்கிரம் நைந்து போகும். நைலான் நனைந்தால் கொஞ்சம் நீளும், அது பரவாயில்லை.

மெத்தை வேண்டாம் என்று முடிவு செய்ததில் நண்பர்களுக்கு உடன்பாடில்லை. என் அனுபவம் இது: அடியில் ரப்பர் புள்ளி வைத்த மெத்தை சட்டையைப் பிடித்துக்கொள்கிறது. கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தும்போது பட்டையும் வழுக்கி வர வேண்டும்; அது வராவிட்டால் சட்டைக் காலர் காது வரை ஏறுகிறது. மெத்தை தோளில் நின்று, கேமரா மட்டும் வேறு நாடாவில் வழுக்கும் அமைப்பானால் ரப்பர் நல்லது. ஒரே நாடாவாக இருந்தால் வழவழப்புதான் சுகம்.

தையலில்தான் அடி வாங்கினேன். முதல் முனையை நானே கையால் தைத்தேன், நாடாவின் அகலத்துக்குக் குறுக்கே நெருக்கமாக நாலு வரி. பார்க்கப் பலமாக இருந்தது. அக்கா வந்து பார்த்தாள். அவள் பல வருடங்களாகத் தைப்பவள்.

“என்னடா இது, கிழிக்கறதுக்கு ஓட்டை போட்டு வச்சிருக்க?”

“நாலு வரி தச்சிருக்கேன்க்கா.”

“அதான் சொல்றேன். எல்லா ஓட்டையும் ஒரே நேர்ல வந்தா தபால்தலை மாதிரி அங்கதான் பிரியும். நீட்டு வாக்குல பெட்டி போடு, நடுவுல பெருக்கல் குறி போடு. பருத்தி நூல் வேண்டாம், வேர்வைல இத்துப்போகும்.”

பிரித்துவிட்டு அவள் சொன்னபடி செய்தேன். நாடாவை 45 மில்லிமீட்டர் மடித்து, நீளவாக்கில் செவ்வகம், உள்ளே குறுக்காக இரண்டு கோடு. நூல் தடித்த பாலியெஸ்டர். வீட்டுத் தையல் இயந்திரத்தில் 18-ஆம் எண் ஊசி போட்டும் மூன்று அடுக்கு வரும் இடத்தில் தையல் தாவியது. சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிச் சுற்றி அக்காதான் முடித்தாள். வெட்டிய நுனிகளைத் தீயில் காட்டி உருக்கி அடைத்தேன். உருகிய விளிம்பு ஆறியதும் கண்ணாடிச் சில்லு போலக் கூராகிறது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காவிட்டால் கழுத்தைக் கீறும். கீறிய பிறகுதான் தேய்த்தேன்.

மாடிப்படிக் கைப்பிடியில் பட்டையை மாட்டி, 20 லிட்டர் தண்ணீர்க் கேனை இரவு முழுக்கத் தொங்கவிட்டேன். காலையில் தையல் அப்படியே இருந்தது, கேன் மட்டும் மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. நாடா நீளவில்லை, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் இடைக்கம்பி வளையத்தில் நழுவியிருக்கிறது. நாடாவை ஒரே ஒரு முறை கோர்த்திருந்தேன், வழவழப்பான நெசவு என்பதால் பிடிமானம் இல்லை. திரும்ப ஒரு முறை மடக்கி, நாடா தன் மேலேயே ஏறி அழுந்தும்படி கோர்த்தேன். அடுத்த இரவு கேன் அசையவில்லை.

பயன்படுத்தத் தொடங்கி மூன்று வாரத்தில் சின்னச் சின்னத் தொல்லைகள் வந்தன. கேமராவைக் கழற்றியதும் தோளில் இரண்டு முனைகள் அநாதையாகத் தொங்கின. ஒன்று கதவுக் கைப்பிடியில் மாட்டி என்னை நிறுத்தியது. இப்போது ஒரு முனையின் கூட்டுக்குப் பக்கத்தில் உபரிப் பொத்தான் ஒன்றைக் கட்டிவிட்டேன், கேமராவைக் கழற்றியதும் இரண்டு முனையையும் ஒன்றோடு ஒன்று மாட்டிவிடலாம். தட்டின் ஓரத் துளையில் கட்டிய கயிறு பேட்டரிக் கதவின் மேல் படிந்து திறக்க விடாமல் செய்தது. தட்டைத் திருப்பிப் போட்டதும் சரியாயிற்று. காதில் இருந்த முக்கோண எஃகு வளையம் கேமராவின் வண்ணத்தைச் சுரண்டியது. வளையத்தை எடுத்துவிட்டுக் கயிற்றை நேரே காதில் கோர்க்கலாம் என்று பார்த்தால், காதின் உள் விளிம்பு கூராக இருந்தது, கயிறு அறுந்துபோகும். வளையத்தையே வைத்துக்கொண்டு, அடியில் வட்டமாக வெட்டிய தோல் துண்டு ஒன்றைக் கொடுத்தேன்.

நீளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சுகம் என்பதில் பாதி அதுதான். கேமரா தொடை நடுவில் தொங்கினால் ஒவ்வொரு அடியிலும் ஆடும். இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் அது சாய்ந்து உட்கார வேண்டும், கையைத் தொங்கவிட்டால் உள்ளங்கை தானாகப் பிடியில் போய் விழ வேண்டும். நாலு விரற்கடை குறைத்தேன், வேறு பட்டை போல ஆகிவிட்டது. சைக்கிள் ஓட்டும்போது இன்னும் இறுக்கி முதுகுப் பக்கம் தள்ளிவிடுகிறேன்.

டெலி லென்ஸுக்கு இந்த அமைப்பு அப்படியே பொருந்தாது. கேமராவின் காதில் தொங்கவிட்டால் நீண்ட லென்ஸின் மொத்தக் கனமும் லென்ஸ் பொருத்தும் வளையத்தை நெம்புகிறது. அதற்கு லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தில், ட்ரைபாடில் மாட்ட ஒரு பாதம் இருக்குமே, தட்டை அதில் பொருத்தி, இரண்டு பொத்தானையும் தட்டின் முன்னும் பின்னுமாகக் கட்டுகிறேன். கேமரா தலைகீழாக, லென்ஸ் பின்னோக்கித் தொங்கும். அழகில்லை, ஆனால் நெம்புவதில்லை. இப்போது இரண்டு முனையும் தட்டிலேயே இருப்பதால், தட்டின் ஸ்க்ரூ ஒன்றே எல்லாவற்றுக்கும் ஆதாரம். அதற்கு வெள்ளைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன், புறப்படும்போது ஒரு தடவை பார்ப்பேன்.

காப்புக் கயிறு ஒன்றும் கட்டிப் பார்த்தேன், பொத்தான் இரண்டும் விட்டாலும் பிடிக்கும்படி. ஒவ்வொரு முறையும் அதைத் தனியாக அவிழ்க்க வேண்டியிருந்ததால் பத்து நாளில் கழற்றிவிட்டேன். பாலத்தின் மேலோ படகிலோ நிற்கும் நாளில் மட்டும் கட்டுகிறேன்.

மாட்டியதும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கையை விடுவது இப்போது யோசிக்காமலே வருகிறது. வீட்டுச் சாவியைக் கொக்கியில் மாட்டினால்கூட ஒரு இழுப்பு. அக்கா பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். அவள் தைத்த முனை நன்றாகவே இருக்கிறது. நேற்று துடைக்கும்போது கவனித்தேன், அடித்தட்டில் இருக்கும் பொத்தானின் கயிறுதான் தட்டின் விளிம்பில் உரசி ஒரு பக்கம் பூப்பூவாகப் பிரியத் தொடங்கியிருக்கிறது. உள்நிறம் இன்னும் தெரியவில்லை. மாற்றுப் பொத்தான் இழுப்பறையில் இருக்கிறது. விளிம்பைக் கொஞ்சம் அராவி மழுக்கிவிட்டு, இன்று ராத்திரி மாற்ற வேண்டும்.